வலைப் பையும் அமானிதமும்

சென்ற ஆண்டு ஒரு சிறிய வேலையைச் செய்ய வேண்டி வந்தது. மரச் சட்டம் கொண்ட பழைய கைவலை ஒன்றின் இற்றுப்போன பையைக் கழற்றிவிட்டு, புதிய பை ஒன்றைப் பின்னிப் பொருத்துவதே அந்த வேலை. பாடசாலை விட்டு வந்த பின் மாலை வேளைகளில் இருந்து மூன்று வாரத்தில் செய்து முடித்தேன். வேலை முடிந்தது, கேள்வி ஒன்று மிஞ்சியது. ஒரு பொருளின் பகுதியொன்றை மாற்றிய பின்னரும் அது அதே பொருள்தானா? இப்படி எழுதினால் தத்துவப் பாடத்து வினாவைப் போலத் தோன்றும். எனக்கு அது அவ்விதம் வந்த வினா அல்ல. அந்த வலை என்னுடையதன்று. அது ஓர் அமானிதம்.

தூண்டிலில் அகப்பட்ட மீன் கரையோரத்துக்கு வந்த பிறகே பெரும்பாலும் தப்பிப் போகும். நீருக்குள் இருக்கும்வரை அதன் பாரம் நூலுக்குத் தெரியாது. நீரைவிட்டு மேலே தூக்கும்போது முழுப் பாரமும் நூலில் விழ, நூல் அறும். அல்லது மீனின் வாய் கிழியும். அந்த நேரத்தில் மீனுக்குக் கீழாகச் செலுத்தி அதை ஏந்தியெடுக்கும் வலையையே சொல்கிறேன். பூப்பந்து மட்டையின் உருவம். நரம்பு கட்டும் இடத்தில் ஆழமான ஒரு பை. எங்கள் வீட்டில் அதற்குக் கைவலை என்றே பெயர். கிழக்கு மாகாணத்தில் அத்தாங்கு என்று ஒன்று உண்டு. அது மீனைக் கோலிப் பிடிப்பதற்கானது. இது பிடிபட்ட மீனை ஏந்துவதற்கு மட்டுமானது.

நமது மலைநாட்டில் இத்தகைய வலை பரவியதற்குத் தோட்டத் துரைமாரே காரணமாயிருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்கும் தடியும் வலையும் அவர்களோடு வந்தன. துரைமார் போனார்கள்; அவர்களுடைய சாமான்களின் உருவம் உள்ளூர்த் தச்சர்களின் கையில் தங்கிவிட்டது.

நான் சொல்லும் வலையைச் செய்தவர் பழைய தெல்தெனியவில் மரவேலை கற்பித்த ஒரு சிங்கள ஆசிரியர். வாப்பா அவரை மாஸ்டர் என்றே அழைப்பார்; நாங்களும் அப்படியே பழகினோம். மெல்லிய பலகைச் சீவல்களை வெந்நீரில் போட்டு இளக்கி, வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அவர் அந்தச் சட்டத்தை உண்டாக்கியிருந்தார். பிடி பலா மரம். நாற்பது ஆண்டுகளாகியும் சட்டத்தில் ஓர் ஒட்டுக்கூட விடவில்லை.

வத்தேகமயில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. மாஸ்டருக்கும் அவருக்கும் எப்படிச் சிநேகிதம் உண்டானது என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மகாவலிக் கரைக்குப் போவார்கள் என்று உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். விக்டோரியா அணை எழுந்தபோது அந்தக் கரையே இல்லாமற் போயிற்று. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே நீர் தேங்கத் தொடங்கி, பழைய தெல்தெனிய நகரம் வயல், வீடு, கடைத்தெருவோடு கீழே போய்விட்டது. அங்கிருந்த குடும்பங்களிற் பல மகியங்கனைக்கு அப்பால் மகாவலி ‘சீ’ வலயத்தில் குடியேற்றப்பட்டன. மாஸ்டரின் குடும்பத்துக்கும் கிராந்துருகோட்டைப் பக்கமாக ஒரு காணி கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் வாரம் அவர் கடைக்கு வந்து இந்த வலையைக் கொடுத்திருக்கிறார். “போற இடத்தில ஆறு எப்படியோ தெரியாது நானா. இது உங்களிடம் இருக்கட்டும். மீன் பிடிக்கப் போனால் எடுத்துப் பாவியுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்றாராம். எனக்கு அப்போது நான்கு வயது.

அவர் வரவில்லை. சில காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. வாப்பா நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடிக்கப் போகும் நாட்களில் வலையை எடுத்துப் போவார். வந்ததும் கழுவி நிழலில் காயவைத்து, அடுப்படிப் பரணில் தொங்கவிடுவார். நாங்கள் அதை வைத்து விளையாடினால் ஏச்சு விழும். “அது மாஸ்டர்ட சாமான்” என்பதே எங்களுக்குக் கிடைத்த முழு விளக்கம்.

2017இல் வாப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டுமென்று நினைத்தார். விலாசம் தேடிக்கொண்டிருக்கும்போதே 2018 மார்ச் வந்தது. திகன, தெல்தெனியப் பகுதிகளில் நம்மவரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கிராந்துருகோட்டைக்குப் போகும் பாதை அந்த ஊர்களுக்கூடாகவே போகிறது. எரிந்த கடைகளைத் தாண்டி ஒரு வலையைத் தூக்கிக்கொண்டு போவதா என்று உம்மா கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்றிருந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்த எண்ணமே எழவில்லை. பின்னர் பெருந்தொற்று. 2022இல் வாப்பா மௌத்தானார். நோயாகக் கிடந்த நாட்களில் அவர் எனக்குச் சொன்ன கடன்கள் மூன்று. இரண்டு பணக் கடன். மூன்றாவது இந்த வலை.

பரணிலிருந்து இறக்கிப் பார்த்தபோது சட்டம் அப்படியே இருந்தது. பை இற்றுப் போயிருந்தது. பருத்தி நூல், பிடித்துச் சற்று இழுத்தால் பொடியாய் உதிர்ந்தது. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும், உள்ளிருந்தே அரிபடும். நைலோன் வருமுன் கரையோர மீனவர் இதற்குக் கண்ட மருந்து பனிச்சங்காய். அதை இடித்து ஊறவைத்த துவர்ச் சாற்றில் வலையைத் தோய்த்தெடுத்தால் நூல் கறுத்து இறுகி, சில காலம் கூட உழைக்கும். இதை நான் அறிந்தது அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலையில் படித்த நாட்களில். விடுதியிலிருந்து கடற்கரைக்கு நடந்து போய், வலை பொத்தும் முதியவர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வலை ஊசியில் நூல் ஏற்றவும், சிறு பலகைத் துண்டொன்றை அளவாக வைத்துக் கண் பின்னவும் அவரே கற்றுத் தந்தார். கலாசாலையில் பெற்ற சான்றிதழைவிட அந்தக் கைப்பழக்கம் எனக்குப் பிடித்தமானது.

ஆகவே பின்னுவது பிரச்சினையாயிருக்கவில்லை. பின்னலாமா என்பதே பிரச்சினை.

இற்ற பையோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் அது நேர்மை. ஆனால் பயன்படாத ஒன்றைக் கொடுத்ததாகும். புதிய பை போட்டுக் கொடுத்தால் பயன்படும். மாஸ்டர் தந்த வலை அதுவாகுமா என்பது சந்தேகம். ஊரிலுள்ள மௌலவி ஒருவரிடம் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, தந்தவர் பாவிக்க அனுமதித்தாரா, வைத்திருக்க மாத்திரம் தந்தாரா என்பதுதான். வைத்திருக்க மாத்திரம் தந்தது வதீஆ. அதைத் தொட்டுப் பாவிப்பதற்கே உரிமை இல்லை. பாவிக்கத் தந்தது ஆரியா, அதாவது இரவல். ஷாபிஈ மத்ஹபில் இரவல் பொருளுக்கு இரவல் வாங்கியவர் பொறுப்பு; ஆயினும் அனுமதிக்கப்பட்ட பாவனையால் தேய்ந்ததற்குப் பொறுப்பில்லை. “ஆகவே பை இற்றதற்கு உங்கள் வாப்பா கடன்காரர் அல்ல. இருப்பதைக் கொடுங்கள்” என்றார். பிறகு சற்று நிதானித்து, “மாற்றப் போகிறீர்கள் என்றால், அனுமதி கேட்டீர்களா?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. என் மனம் அப்போது வேறோரிடத்தில் நின்றது.

அந்த இடம் கிரேக்கரின் பழைய புதிர். ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை நினைவுச் சின்னமாகப் பாதுகாத்து வந்தார்கள். உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் புதியவற்றை அடித்தார்கள். அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று தத்துவவாதிகள் இரு பிரிவாகி வாதிட்டதைப் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். 1655இல் ஆங்கிலேயரான தோமஸ் ஹொப்ஸ் இதில் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அதே ஒழுங்கில் பூட்டி இரண்டாவது கப்பல் ஒன்றைக் கட்டிவிட்டால், தீசியஸின் கப்பல் எது? கடலில் மிதந்துகொண்டிருப்பதா, உக்கிய பலகைகளாலானதா? படித்த நாளில் இது வேலையற்றவர்களின் வேடிக்கை என்று எண்ணினேன்.

எங்கள் பாடசாலையில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். “எங்களிடம் இது தேரில் இருக்கிறது” என்றார். மிலிந்த மன்னனிடம் நாகசேனத் தேரர் கேட்கும் கேள்வி: சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை என்றால் தேர் எங்கே? பாளியிலுள்ள அந்த நூல் 18ஆம் நூற்றாண்டில், கண்டி அரசர் காலத்தில் சிங்களமாக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பன்சலையில் போயா தினங்களில் அந்தக் கதையைச் சொல்வார்களாம். நான் பிறந்து வளர்ந்த மண்ணில், வேலிக்கு அந்தப் புறம் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

நம்முடைய மரபிலும் இது இல்லாமலில்லை. இமாம் கஸ்ஸாலி 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘தஹாபுதுல் ஃபலாசிஃபா’வின் இருபதாவது, கடைசி விவாதம் உடல் மீண்டும் எழுப்பப்படுவதைப் பற்றியது. மண்ணாகிப் போன உடல் திரும்புவதெப்படி, வேறு மண்ணால் ஆக்கப்பட்டால் அவன் வேறு மனிதனாகி விடுவானே என்பது தத்துவவாதிகளின் ஆட்சேபம். இமாம் காட்டும் விடைகளுள் ஒன்று நம் கண்ணெதிரே உள்ளதைக் கொண்டே அமைகிறது. குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனிதனின் உடல் உணவால் மாறிக்கொண்டே வருகிறது, மெலிகிறான், பருக்கிறான், பகுதிகள் போய் வேறு பகுதிகள் வருகின்றன. ஆயினும் அவன் அவனேதான். மனிதன் அவனாயிருப்பது ஆன்மாவினால். உடலின் மூலப்பொருளினால் அல்ல.

இது எனக்குப் பெரிய ஆறுதலாயிற்று. இருபது வயதில் பட்ட கடனை அறுபது வயதில் கேட்டால், “அந்த உடம்பு இப்போது இல்லை” என்று யாரும் தப்ப முடியாது. பகுதி மாறினாலும் பொறுப்பு மாறுவதில்லை. ஆகவே வலைக்கும் ஆன்மா போல ஒன்று இருக்க வேண்டும். அது என்ன? மீனை ஏந்துகிற தொழிலே அது என்று நான் தீர்மானித்தேன். தொழில் நிலைத்தால் வலை நிலைக்கும். சட்டம் அதன் எலும்பு. பை உண்டு கழியும் சதை. சதையைப் புதுப்பித்தால் தவறில்லை. இப்படி இமாமின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டத்தைச் சுற்றி 46 துளைகள். வெளிப்புறத்தில் ஒரு தவாளிப்பு ஓடுகிறது. பையைப் பிணைக்கும் கயிறு அதற்குள் பதிந்துகொள்வதால் கல்லில் உரசினாலும் அறாது. அந்தக் கயிற்றை வெட்டிப் பழைய பையைக் கழற்றினேன். மேல் வரிசையில் 92 கண்கள், துளைக்கு இரண்டு. ஆழம் இரண்டு சாண். கண் அகலத்தைத் தீப்பெட்டி ஒன்றில் குறித்துக்கொண்டேன். எந்த நூல் என்பதில் ஓரிரண்டு நாள் போயிற்று. பருத்தி போட்டால் பழையதற்கு விசுவாசம். சில வருடங்களில் மீண்டும் இற்றுவிடும். கொழும்பில் ஆயத்தமாகக் கிடைக்கும் இறப்பர்ப் பை மீனுக்கு நல்லது. முடிச்சுள்ள நூல் மீனின் மேலுள்ள வழுவழுப்பைச் சுரண்டிவிடும். மீனைக் கிருமியிலிருந்து காப்பது அந்த வழுவழுப்பே. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுகிறவர்கள் அதனால்தான் இறப்பரை விரும்புகிறார்கள். நமது மனிதர்கள் சமைக்கவே பிடிக்கிறார்கள். கடைசியில் மண்ணிற நைலோன் நூலை வாங்கினேன். இற்றுப்போகிற நூலைப் போடுவது பருத்திக்குக் காட்டும் விசுவாசம். மனிதருக்குக் காட்டுவதன்று என்பது என் நியாயம்.

பழைய பையை முன்னால் வைத்து எண்ணிப் பின்னும்போது ஒன்றைக் கவனித்தேன். மேலிருந்து முக்கால் பங்குவரை கண்கள் ஒரே சீராக, அச்சில் வார்த்தவை போல் இருந்தன. அதற்குக் கீழே ஒழுங்கில்லை. ஒரு கண் பெரிது, ஒன்று சிறிது. சில இடங்களில் முடிச்சின்மேல் முடிச்சு. பிற்காலத்தில் யாரோ அவசரமாகப் பொத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் பையில் அந்தப் பகுதியையும் சீராகவே பின்னி முடித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட பிழையொன்றைத் திருத்திவிட்ட திருப்தி எனக்கு. ஆசிரியத் தொழிலின் நோய் அது. சிவப்புப் பேனை கையில் இல்லாவிட்டாலும் திருத்தாமல் இருக்க முடிவதில்லை.

வேலை முடிந்ததும் பழைய பையைக் குப்பையோடு எரிக்கப் போனேன். என் மனைவி அதை வாங்கிக்கொண்டார். “அது அவங்கட சாமான் தானே. வீசுறதுக்கு நாங்க யாரு?” என்றார். உக்கிப்போன நூலை யாராவது சாமான் என்பார்களா என்று கேட்டேன். “தந்தது அவங்க. உக்கிப் போச்சா இல்லையான்னு செல்றதும் அவங்கதான்” என்று, பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். மௌலவி கேட்டதையும் என் மனைவி சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அன்றும் எனக்கு அது விளங்கவில்லை.

சிங்கள ஆசிரியரின் உறவினர் ஒருவர் மூலம் மாஸ்டரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். மாஸ்டரும் அவருடைய மனைவியும் காலமாகிப் பல வருடம். மகள் அதே காணியில் இருக்கிறார். தொலைபேசியில் பேசினேன். வலையைக் கொண்டு வருகிறேன் என்றேன். பையை மாற்றியதைச் சொல்லவில்லை. நேரில் பார்த்து மகிழட்டும் என்றிருந்தேன். என் தவறு எது என்று கேட்டால், அந்த ஒரு நிமிடத்து மௌனத்தைத்தான் காட்டுவேன்.

விடுமுறையில் ஒரு காலை மெனிக்கின்ன வழியாகப் போய், திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவுகளில் இறங்கி மகியங்கனையை அடைந்தோம். திகனயில் புதிதாகக் கட்டிய கடைகள் திறந்திருந்தன. சுவர்களில் புதுப் பூச்சு. அவற்றின் முன்னால் சனம் வழக்கம்போல் சாமான் வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை என்னவென்று கொள்வதென்று தெரியாமல் பஸ் யன்னலுக்கூடாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாஸ்டரின் மகளுக்கு ஐம்பதுக்குச் சற்றுக் கூடுதலான வயது. என்னை மல்லி என்றார். நான் அக்கா என்றேன். பிளேன்டீயும் வெல்லமும் வந்தன. வலையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். பிடியைத் தடவினார், “தாத்தாவின் வேலை” என்றார். (சிங்களத்தில் தகப்பனை அப்படி அழைப்பார்கள்.) பிறகு பைக்குள் கையை விட்டார். அடிவரை விட்டார். அங்கே கை நின்றது.

“இது புதியதா மல்லி?”

ஆமென்றேன். பழையது இற்றுவிட்டதென்றும், நானே பின்னியதென்றும், நூல் நைலோன் என்றும், இனி நீண்ட காலம் உழைக்குமென்றும் சொன்னேன். நல்லது என்றார். நன்றி சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது, நான் ஏதோ பிழை செய்திருக்கிறேன் என்பது விளங்கியது. என்ன பிழை என்பது விளங்கவில்லை. அவர்தான் மெதுவாகச் சொன்னார். சட்டம் தகப்பன் செய்தது. பை பின்னியது தாய். மகளுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. தானும் பின்ன வேண்டுமென்று அழுததால், கடைசிப் பகுதியைத் தாய் மகளின் கையில் கொடுத்துவிட்டார். “எல்லாம் கோணல். தாத்தா சிரித்தார். அம்மா அவிழ்க்க விடவில்லை.”

நான் பிழையென்று திருத்திய இடம் அது.

மனைவியை நன்றியோடு நினைத்துக்கொண்டு, பையிலிருந்த பத்திரிகைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து விரித்தார். விரிக்கும்போதே சில கண்கள் அறுந்தன. கோணல் முடிச்சுகள் இருந்த அடிப்பகுதி, தடிப்பாயிருந்ததாலோ என்னவோ, மற்றதைவிட உறுதியாயிருந்தது. பழைய தெல்தெனிய வீட்டிலிருந்து தாயின் கைபட்டதாகத் தன்னிடம் வேறெதுவும் மிஞ்சவில்லை என்றார். வீடு நீருக்கடியில். இந்தக் காணியில் முதல் வருடங்களில் பட்ட பாட்டில் கொண்டுவந்தவையும் போய்விட்டன. அந்தப் பொட்டலத்தை அவர் உள்ளே கொண்டுபோய் வைத்தார். வலையைத் தன் மகனிடம் கொடுத்தார். அந்த இளைஞன் உல்ஹிட்டிய குளத்தில் தூண்டில் போடுகிறவன். வலையை இரண்டு தரம் காற்றில் வீசிப் பார்த்து, “நல்ல பாரமில்லாத வலை மாமா” என்று சந்தோஷப்பட்டான்.

ஹொப்ஸின் இரண்டு கப்பல்களும் அன்று அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தன. எது மாஸ்டரின் வலை? மகனுக்கு இது; தாய்க்கு அது. இரண்டு பேரும் பிழை சொல்லவில்லை. ஒரு பொருளை அதுவாக ஆக்குவது எது என்பதற்கு நான் வீட்டில் இருந்துகொண்டே விடை கண்டிருந்தேன்: தொழில். அந்த விடை மகன் அளவில் சரி. தாயிடம் அந்த வலை ஒருபோதும் மீன் ஏந்தும் சாதனமாக இருக்கவில்லை. நான் எலும்பு என்றது அவருக்குச் சதை. நான் சதை என்றது அவருக்கு உயிர்.

இமாம் கஸ்ஸாலியை நான் பயன்படுத்திய விதத்திலும் தவறிருந்தது. மனிதனுக்கு ஆன்மா உண்டு. அது அவனை அவனாக வைத்திருக்கிறது. வலைக்கு ஆன்மா இல்லை. அதற்கென்று உள்ளே ஒன்றும் இல்லாததால், அதன் அடையாளம் அதை உடையவரிடமும், செய்தவரிடமும், நினைத்திருப்பவரிடமுமே இருக்கிறது. அந்த மனிதர்களைக் கேட்காமல், பொருளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்து விடை காண முடியாது. நான் பொருளைப் பார்த்தேன், மனிதரைக் கேட்கவில்லை.

அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும்படியான கட்டளை நாமெல்லோரும் அறிந்தது. சூரா நிஸாவின் 58ஆம் வசனத்தைச் சிறுவர்களும் ஓதுவார்கள். சேர்ப்பது என்றால் கையில் கொடுப்பது என்றே நான் விளங்கியிருந்தேன். இப்போது இன்னொன்றையும் சேர்த்து விளங்குகிறேன். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதில் எது பெறுமதியானது, எது கழிவு என்று பிரித்துப் பார்க்கும் உரிமை ஒப்படைக்கப்படவில்லை. பொருள் நம்மிடம் இருக்கலாம். அதன் கணக்கு உரியவரிடமே இருக்கிறது. பாதுகாத்தவன் சோம்பேறியாயிருந்தால் பொருள் கெடும். அவன் அளவுக்கு மிஞ்சிய நல்லெண்ணக்காரனாயிருந்தாலும் கெடலாம். முந்தியதை நாம் எளிதில் கண்டுகொள்வோம். பிந்தியதற்கு நமக்கு நாமே நன்றி சொல்லிக்கொள்வோம்.

இதன் பொருள் பழையதைத் தொடவே கூடாது என்பதன்று. தொடாமலிருந்திருந்தால் அந்த இளைஞனுக்கு வலை கிடைத்திராது. பரணில் கிடந்து சட்டமும் ஒருநாள் உக்கியிருக்கும். பை மாற்றத்தான் வேண்டும். மாற்றியதைச் சொல்ல வேண்டும். முடிந்தால் முன்னரே கேட்க வேண்டும். கழற்றியதை எறியாமல் வைத்திருக்க வேண்டும். பின்னுகிற வேலையோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவோ இலகு. இலகுவாயிருப்பதாலேயே விட்டுவிடுகிறோம் போலும்.

திரும்பி வரும்போது திகனயில் மீண்டும் அந்தக் கடைகளைப் பார்த்தேன். 2018க்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று இரு பக்கத்தாரும் சொல்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். பழையபடி ஆகவில்லை. பழைய பையில் இருந்த முடிச்சுகளில் கோணலானவையும் உண்டு. அவற்றை இரு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து போட்டிருந்தார்கள். வாப்பாவும் மாஸ்டரும் போட்டவை அதில் உண்டு. இப்போது நாம் பின்னுவது புதியது. புதியது என்று சொல்லிப் பின்னினால் அது உழைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழையதே என்று சொல்லி நீட்டினால், எதிரிலிருப்பவர் உள்ளே கையை விட்டு அடிவரை தடவிப் பார்க்கும்போது என்ன சொல்வோம்?

பாடசாலை தொடங்கிய முதல் வாரம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை ‘வாப்பா’ என்ற சொல்லில் ‘ப்’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ‘ப்’ போட்டிருந்தது. சிவப்புப் பேனையை எடுத்தேன். அந்தச் சொல்லுக்கு மேலே சரியான எழுத்தை எழுதினேன். பிள்ளை எழுதியதைக் கீறி அழிக்கவில்லை.